புயல் கொண்டுவந்த ஊர்

தீவுத் தலைநகரங்கள் – 14: ஹாமில்டன், பெர்முடா

பெர்முடாவின் கொடியில் ஒரு கப்பல் பாறையில் மோதி உடைந்துகொண்டிருக்கிறது. சிவப்புச் சிங்கம் ஒன்று தாங்கிப் பிடித்திருக்கும் கேடயத்துக்குள் அந்தக் காட்சி. சிங்கம், கழுகு, வாள், நட்சத்திரம் என்று வீரம் பேசும் கொடிகளுக்கு உலகில் பஞ்சமில்லை. தனக்கு நேர்ந்த விபத்தைக் கம்பத்தில் ஏற்றிப் பறக்கவிடும் ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். நாட்டின் சின்னத்தில் கூடவே லத்தீனில் ஒரு வாசகமும் உண்டு: விதி எங்கே கொண்டுபோகிறதோ அங்கே.

தலைநகர் ஹாமில்டனுக்குள் நுழைந்தாலும் அதே கப்பல்தான் தலைக்கு மேலே நிற்கிறது. சர்ச் தெருவில் இருக்கும் நகர மன்றக் கோபுரத்தின் உச்சியில் அதை வெண்கலத்தில் வார்த்து, காற்றுத்திசை காட்டியாக நிறுத்தியிருக்கிறார்கள். கோபுரச் சுவரில், மணி காட்டும் கடிகாரத்தை எதிர்பார்க்கிற இடத்தில், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று சொல்லும் முகப்பு. நேரத்தைவிடக் காற்றைத் தெரிந்துகொள்வது இங்கே முக்கியம் போலிருக்கிறது. இந்தக் கட்டடம் 1960-ல் நிறைவடைந்தது. வடிவமைத்தவர் வில் ஆனியன்ஸ் என்ற உள்ளூர்க்காரர். ஒரு காலத்தில் அமெரிக்காவுக்கு வெங்காயம் ஏற்றுமதி செய்து பிழைத்த தீவு இது; இங்கே பிறந்தவர்களுக்கே இன்றும் 'வெங்காயம்' என்று செல்லப்பெயர். பெயரிலேயே வெங்காயம் உள்ளவர் ஊருக்கு நகர மன்றம் கட்டிக்கொடுத்தது தற்செயல்தான்.

கப்பலின் பெயர் 'சீ வென்ச்சர்'. 1609-ல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்துக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து கிளம்பியது. நடுக்கடலில் புயல் பிடித்துக்கொண்டது. கப்பலுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே போக, தளபதி ஜார்ஜ் சோமர்ஸ் வேறு வழியில்லாமல் அதைப் பவளப்பாறைமேல் ஏற்றிவிட்டார். கப்பல் போனது, அதிலிருந்த சுமார் 150 பேரும் பிழைத்தார்கள். மாலுமிகள் 'பேய்களின் தீவு' என்று பயந்து ஒதுங்கிப்போன, ஆளே இல்லாத தீவு அது. ஏறக்குறைய பத்து மாதம் அங்கே இருந்து, உடைந்த கப்பலின் பலகைகளையும் உள்ளூர் சீடர் மரத்தையும் வைத்து இரண்டு புதுக் கப்பல்கள் கட்டி, போக வேண்டிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இந்தச் செய்தி லண்டனை எட்டி, ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்துக்கு விதையானது என்பது பலரும் ஏற்கும் கருத்து.

இப்படிப் புயலில் ஆரம்பித்த ஊருக்கு அதற்குப் பிறகு வந்த நல்லதும் பெரும்பாலும் புயல் வழியாகத்தான் வந்தது. ஒரு முறை எழுபத்திரண்டு பேருக்கு விடுதலை வந்தது. இன்னொரு முறை கோடிக்கணக்கான டாலர் வந்தது. இரண்டையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஊரைப் பார்த்துவிடலாம்.

நம்மூரில் பெர்முடா என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு: ஒன்று முக்கோணம், மற்றது முழங்கால் டிராயர். முக்கோணத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். அந்தக் கடல் வழியாகப் போகும் கப்பலுக்குக் காப்பீட்டுக்காரர்கள் தனிக் கட்டணம் கேட்பதில்லை. ஆபத்தைக் காசாக எண்ணத் தெரிந்தவர்களே பயப்படாதபோது நாம் ஏன் பயப்பட வேண்டும்? டிராயருக்குப் பிறகு வருவோம்.

அமெரிக்காவின் வட கரோலினா கரையிலிருந்து கிழக்கே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் நடுவில் தூண்டில் முள் மாதிரி வளைந்து கிடக்கிறது இந்தத் தீவுக்கூட்டம். மொத்தப் பரப்பு 54 சதுர கிலோமீட்டருக்குள். மக்கள் அறுபதாயிரம் சொச்சம். இன்றும் பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி. நியூயார்க்கில் விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். திரும்பும்போது அமெரிக்கக் குடியேற்றச் சோதனையைப் பெர்முடா விமான நிலையத்திலேயே முடித்து அனுப்புகிறார்கள். நியூயார்க்கில் இறங்கினால் உள்ளூர்ப் பயணி மாதிரி வெளியே நடந்துவிடலாம். அந்த நீண்ட வரிசையில் கால் கடுக்க நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஹாமில்டனின் பரப்பு முக்கால் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. நகர எல்லைக்குள் குடியிருப்பவர்கள் ஆயிரம் பேருக்கும் குறைவு. காலையில் தீவு முழுவதிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்து குவிவார்கள். மாலையில் ஊர் காலியாகிவிடும். ஆளுநர் ஹென்றி ஹாமில்டன் பெயரால் 1793-ல் நகரமாக்கப்பட்டு, 1815-ல் செயின்ட் ஜார்ஜிடமிருந்து தலைநகர் அந்தஸ்தைப் பறித்துக்கொண்டது. தீவின் கிழக்குக் கோடியில் இருந்த பழைய தலைநகரைவிட இது நடுவில் இருந்தது, துறைமுகமும் வசதி. வியாபாரிகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

துறைமுகத்தை ஒட்டி ஓடுவது ஃப்ரன்ட் தெரு. ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் இளஞ்சிவப்பு, வெளிர் மஞ்சள், பச்சை, நீலம் பூசிய, மாடியில் தாழ்வாரம் வைத்த கட்டடங்கள். படம் எடுக்க வருகிறவர்கள் அந்த வண்ணங்களோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதே தெருவின் ஓரத்தில் நிற்கும் கன்டெய்னர்கள்தான் ஊரைச் சொல்லின. வைரக்கடை வாசலிலிருந்து கல்லெறி தூரத்தில் சரக்குத் துறை. தீவில் விளைவது சொற்பம். அரிசி, பால், டயர், டாய்லெட் பேப்பர் எல்லாமே கப்பலில் வர வேண்டும். நியூஜெர்சியிலிருந்து வாரம் ஒருமுறை வரும் 'ஒலியாண்டர்' என்ற சரக்குக் கப்பலை ஊரில் தெரியாதவர் கிடையாது. புயலால் அது தாமதமானால் கடை அலமாரிகளில் ஓட்டை விழும். இந்தக் கப்பலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அடிப்பகுதியில் கருவி பொருத்தி, போகிற வருகிற வழியில் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டத்தை 1992 முதல் அளந்து வருகிறார்கள். காய்கறி ஏற்றி வருகிற கப்பல் முப்பது ஆண்டுகளாகக் கடலியல் ஆராய்ச்சியும் செய்கிறது.

சாலைகள் குறுகல், வண்டிகள் இடப்பக்கம் ஓடும். தீவில் வேக வரம்பு மணிக்கு 35 கிலோமீட்டர், நகருக்குள் 25. 1908-ல் மோட்டார் வண்டியே கூடாது என்று சட்டம் போட்டார்கள். அதற்கு ஆதரவாக மனு எழுதியவர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான உட்ரோ வில்சன். கையெழுத்துப் போட்டவர்களில் மார்க் ட்வைனும் ஒருவர். இருவருமே குளிருக்குத் தப்பி இங்கே ஓடிவருகிறவர்கள். தங்கள் ஓய்வு கெடக் கூடாதென்ற அக்கறை. தடை 1946 வரை நீடித்தது. இடையில் 1931-ல் ரயில் விட்டுப்பார்த்தார்கள். ஃப்ரன்ட் தெருவிலேயே தண்டவாளம் ஓடியது. 1948-ல் அதை மூட்டைகட்டி பிரிட்டிஷ் கயானாவுக்கு விற்றுவிட்டார்கள். இன்றும் ஒரு வீட்டுக்கு ஒரு கார்தான். எவ்வளவு பெரிய பணக்காரரானாலும் இரண்டாவது கார் வாங்க முடியாது. நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்குச் சாதாரண வாடகைக் கார் கிடையாது; ஸ்கூட்டர் உண்டு, பொம்மை மாதிரியான இருவர் மின்கார் உண்டு, இளஞ்சிவப்பு பஸ்ஸும் படகும் உண்டு.

பஸ்ஸில் ஏறினால் 'குட் மார்னிங்' சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஓட்டுநருக்கு மட்டுமில்லை, உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்து. கடைக்குள் நுழைந்து நேரே "இது என்ன விலை?" என்று கேட்டால் கடைக்காரப் பெண்மணி நிதானமாக "குட் மார்னிங்" என்பார். நாம் திருப்பிச் சொல்லும்வரை விலை வராது. நம்மூர்ப் பேருந்தில் யாராவது இப்படிச் செய்தால் அக்கம்பக்கம் பார்த்துச் சிரிப்போம். இங்கே அது செய்யாவிட்டால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம்.

இந்தப் பழக்கத்தை ஒரு மனிதர் தொழில் மாதிரி செய்தார். ஜானி பார்ன்ஸ், பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். நகருக்குள் வண்டிகள் நுழையும் க்ரோ லேன் ரவுண்டானாவில், எண்பதுகளின் நடுவிலிருந்து 2015 வரை, வேலைநாள்களில் விடியும் முன்பே வந்து நிற்பார். வைக்கோல் தொப்பி, வெள்ளைத் தாடி. வேலைக்குப் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் கையசைத்து, உங்களை எனக்குப் பிடிக்கும் என்று கத்துவார். காசு கேட்டதில்லை, மதம் மாற்றப் பார்த்ததில்லை. ஒருநாள் அவர் வரவில்லையென்றால் வானொலி நிலையத்துக்குப் போன் பறக்குமாம். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1998-ல், அதே சாலையோரம் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அதன் பிறகும் பல வருடம் தன் சிலைக்குப் பக்கத்தில் நின்றே கையசைத்துக்கொண்டிருந்தார். 2016-ல் 93 வயதில் காலமானார்.

அந்த க்ரோ லேன் பகுதிக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. 1730-ல் சாலி பாசெட் என்ற அடிமைப் பெண்ணை, எசமானர்களுக்கு விஷம் வைக்கச் சொன்னதாகக் குற்றம்சாட்டி, அங்கேதான் கட்டிவைத்து உயிரோடு எரித்தார்கள். அவளுடைய சிலை 2009-ல்தான் வந்தது. அமைச்சரவை அலுவலகத் தோட்டத்தில், கட்டப்பட்ட நிலையில், முகத்தை மேலே தூக்கியபடி நிற்கிறாள். எங்கே வைப்பது, வைக்கத்தான் வேண்டுமா என்று ஊரே சண்டை போட்ட பிறகு வந்த சிலை அது. கையசைத்தவருக்குச் சிலை வர பத்துப் பன்னிரண்டு வருடம். எரிக்கப்பட்டவளுக்கு 279 வருடம்.

இப்போது கூரைக்கு வருகிறேன். பெர்முடாவில் என்னை அதிகம் அண்ணாந்து பார்க்க வைத்தது அதுதான்.

சுவர் என்ன நிறமாக இருந்தாலும் கூரை வெள்ளை. படிப்படியாக, மாடிப்படியைக் கவிழ்த்து வைத்தது போல ஏறிப் போகும் சுண்ணாம்புக்கல் கூரை. அழகுக்காக என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். தீவில் ஆறு இல்லை, நன்னீர் ஏரி இல்லை. குடிக்க, குளிக்க எல்லாம் மழைத்தண்ணீர். வீடு கட்டுகிறவர் கூரைப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கையாவது மழை பிடிக்கும்படி அமைத்து, தொட்டியும் கட்டியாக வேண்டும், அது சட்டம். நான் தங்கிய வீட்டுக்கார அம்மா முன்னறைத் தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி, கீழே இருந்த மூடியைத் திறந்து காட்டினார். நாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்த அறைக்கு அடியில் ஒரு குளமே இருந்தது. வெளிச்சம் அடித்துப் பார்த்தால் இருட்டில் அடி தெரியவில்லை. ஒரு மூங்கில் கழியை உள்ளே விட்டு, நனைந்த அளவைக் கட்டைவிரலால் பிடித்து, "மூணு வாரம் தாங்கும்" என்றார், கணக்குப் பிள்ளை மாதிரி.

கனமான கல் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி அடுக்குவதால்தான் அந்தப் படிகள். மழை தடதடவென்று ஓடிவிடாமல் படியில் தடுக்கி மெதுவாக இறங்கும். கூரையின் விளிம்பில் அணைபோல ஒரு சின்ன வரப்பு. அது தண்ணீரைக் குழாய் வாய்க்குத் திருப்பும். அந்த எடை இருப்பதால் சூறாவளியும் எளிதில் தூக்க முடியாது. முன்பு சுண்ணாம்பு பூசினார்கள், கிருமிக்கும் நல்லது. இப்போது அதற்கென்றே தனி பெயின்ட். தொட்டி வறண்டால் தண்ணீர் லாரிக்குப் போன் செய்ய வேண்டும், பில் கடுமை. பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்துவிட்ட விருந்தாளியை இங்கே யாரும் மறப்பதில்லை.

பெர்முடாவில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். சென்னையிலும் ஏறக்குறைய அதே அளவுதான். அங்கே பன்னிரண்டு மாதமும் பரவலாகப் பெய்கிறது, நமக்கு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது என்ற வித்தியாசம் உண்டுதான். ஆனாலும் 2003-ல் நாம் கட்டாயமாக்கிய மழைநீர்க் குழாய்களில் எத்தனை இன்னும் வேலை செய்கின்றன என்று அந்த அம்மாவிடம் நான் பேச்செடுக்கவில்லை.

சரி, விடுதலை வந்த கதை. 1835 பிப்ரவரி. அமெரிக்காவின் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து தெற்கே சார்ல்ஸ்டனுக்குப் போய்க்கொண்டிருந்த 'என்டர்பிரைஸ்' என்ற கப்பல் புயலில் திசைமாறி, உணவு தீர்ந்து, ஹாமில்டனில் ஒதுங்கியது. உள்ளே 78 அடிமைகள், பெரும்பாலும் குழந்தைகள். அமெரிக்காவில் அவர்கள் சரக்கு. ஆனால் பெர்முடாவில் முந்தைய ஆகஸ்டில்தான் அடிமை முறையை ஒழித்திருந்தார்கள். சுங்க அதிகாரிகள் கப்பலை நிறுத்திவைத்தார்கள். முன்னாள் அடிமைகளும் சுதந்திரக் கறுப்பர்களும் சேர்ந்து நடத்திய ஒரு நட்புறவுச் சங்கம் நீதிமன்றத்துக்குப் போய் ஆள்கொணர்வு ஆணை வாங்கியது. பிப்ரவரி 18 இரவு, ஒவ்வொருவராக நிறுத்தி நீதிபதி கேட்டார்: கப்பலோடு போகிறாயா, இங்கே சுதந்திரமாக இருக்கிறாயா? 72 பேர் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு தாய் மட்டும் தன் ஐந்து குழந்தைகளோடு திரும்பிப் போனாள். ஏன் போனாள் என்பதுதான் அந்த வழக்கில் என்னை விடாமல் துரத்துகிற கேள்வி. விட்டுவந்த யாரோ ஒருவர் அங்கே இருந்திருக்கலாம். பார்ஸ் பே பூங்காவில், அவர்கள் கரையேறிய துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு நினைவுச் சிற்பம் இருக்கிறது. சுற்றிலும் பாய்மரப் படகுகள். நான் போனபோது அலுவலகத்தார் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அலுவலகத்தார் செய்யும் வேலைதான் ஹாமில்டனின் இன்றைய பிழைப்பு. கண்ணாடிக் கட்டடங்களில் பலகை சின்னதாக இருக்கும், உள்ளே புரளும் பணம் பெரிது. 1842 முதல் ஃப்ரன்ட் தெருவில் இருந்த ட்ரிமிங்காம்ஸ் பல்பொருள் கடையை 2005-ல் மூடினார்கள். அந்த இடத்தில் இப்போது வங்கி. சுற்றுலாப் பயணிக்குக் கம்பளிச் சட்டை விற்ற ஊர், பயணியே வராவிட்டாலும் ஓடும் தொழிலுக்கு மாறிவிட்டது.

ஆரம்பித்துவைத்தவர் ஃப்ரெட் ரைஸ் என்ற அமெரிக்கர். பெரிய தொழிற்சாலைகள் வெளியே காப்பீடு வாங்குவதற்குப் பதில் தங்களுக்கென்று சொந்தமாக ஒரு குட்டிக் காப்பீட்டு நிறுவனம் வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனை அவருடையது. அதற்குத் தோதான இடமாக 1962-ல் பெர்முடாவைப் பிடித்தார். வருமான வரி இல்லை, ஆங்கிலச் சட்டம், நியூயார்க் பக்கம். அடுத்த கட்டம்தான் புயல். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி ஃப்ளோரிடாவைப் பிய்த்துப்போட்டது. வீடுகளுக்குக் காப்பீடு கொடுத்திருந்த நிறுவனங்களில் பல இழப்பீடு கொடுக்க முடியாமல் திவாலாகின. மிச்சமிருந்தவர்களுக்கு ஒன்று புரிந்தது: காப்பீட்டுக் கம்பெனிக்கே காப்பீடு வேண்டும். அதுதான் மறுகாப்பீடு. கொடுக்க ஆளில்லாததால் கட்டணம் எகிறியது. அடுத்த சில மாதங்களில் பல நூறு கோடி டாலர் முதலோடு மறுகாப்பீட்டு நிறுவனங்கள் ஹாமில்டனில் முளைத்தன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு இன்னொரு விளைச்சல். 2005-ல் காத்ரீனாவுக்குப் பிறகு மறுபடியும். உலகில் எங்கே பேரழிவு நடந்தாலும் இங்கே புதுப் பெயர்ப்பலகை ஏறும்.

இதைக் கேட்டதும் பிணம் தின்னும் தொழில் என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் மியாமியில் கூரை பறந்த வீட்டுக்காரருக்குக் காசோலை வந்துசேர்கிறதென்றால், அந்தப் பணத்தில் ஒரு பங்கு இந்தக் குட்டித் தெருக்களில் இருந்துதான் போகிறது. புயல் எப்போது, எங்கே, எவ்வளவு பலத்தோடு அடிக்கும் என்று கணினியில் ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களை ஓட்டிப்பார்த்து விலை போடுகிறார்கள். தானும் சூறாவளிப் பாதையில் இருந்துகொண்டே ஊரான் வீட்டுச் சூறாவளிக்கு விலை சொல்லும் தைரியம் இந்த ஊருக்குத்தான் வரும். 2003-ல் ஃபேபியன் சூறாவளி விமான நிலையத்துக்குப் போகும் பாலத்தையே உடைத்துவிட்டது. மறுவாரம் இன்னொருவர் வீட்டுப் புயலுக்கு விலை சொல்லத் திரும்ப உட்கார்ந்திருப்பார்கள். தனிநபர் வருமான வரி இன்றும் கிடையாது. சம்பளப் பட்டியல்மீது வரியும், இறக்குமதிச் சுங்கமும் அரசை நடத்துகின்றன. மிகப் பெரிய பன்னாட்டுக் குழுமங்களுக்கு மட்டும் 2025 முதல் 15 சதவீத நிறுவன வரி வந்திருக்கிறது. உலக நாடுகள் சேர்ந்து கழுத்தைப் பிடித்த பிறகு வந்த வரி.

இந்த மறுகாப்பீட்டுப் பெரியவர்கள்தான் டிராயர் போட்டுக்கொண்டு அலுவலகம் போகிறார்கள். மேலே கோட்டு, டை. இடுப்புக்குக் கீழே இளஞ்சிவப்போ எலுமிச்சை மஞ்சளோ, முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் டிராயர். அதற்குக் கீழே முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை, பளபளக்கும் ஷூ. வெயிலுக்காகப் பிரிட்டிஷ் படையினர் போட்ட சீருடையிலிருந்து வந்தது. கேலியாகத் தொடங்கிய என் பார்வை மத்தியான வெயில் ஏறியதும் பொறாமையாக மாறியது. டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் பெர்முடா அணி இளஞ்சிவப்பு டிராயரில்தான் நடந்தது. சில நாளில் ஃப்ளோரா டஃபி டிரையத்லானில் நாட்டின் முதல் தங்கத்தை வாங்கினார்.

குயின் தெருவில் பழைய பெரோ தபால் நிலையம் இருக்கிறது. வில்லியம் பெரோ 1818 முதல் தபால் அதிகாரி. ஜனங்கள் கடிதத்தோடு சில்லறையையும் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். எண்ணிப்பார்த்தால் எப்போதும் குறையும். வெறுத்துப்போய் 1848-ல் தானே முத்திரை குத்தி, கையெழுத்திட்டு, தாளை வெட்டி விற்க ஆரம்பித்தார். இன்று மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. தபால்தலை சேகரிப்பாளர்கள் உயிரைக் கொடுப்பார்கள். பக்கத்திலேயே அவர் 1847-ல் நட்ட ரப்பர் மரம், விழுதும் வேருமாகப் பரந்து நிற்கிறது. நம் அஸ்ஸாம் பக்கத்து இனம்தான். இந்த மரத்தில் ரப்பர் செருப்பு காய்க்கவில்லையே என்று மார்க் ட்வைன் அலுத்துக்கொண்டாராம்.

சாப்பாட்டில் எனக்குப் பிடித்தது மீன் சூப். மீன் தலையை மணிக்கணக்காகக் காய்ச்சி, தக்காளி, மசாலா சேர்த்து, கரும்பழுப்பாகக் கொண்டுவருவார்கள். மேசையில் இரண்டு குப்பிகள்: ஒன்றில் கறுப்பு ரம், மற்றதில் ஷெர்ரி மதுவில் ஊறிய மிளகாய். வேண்டியதைச் சொட்டுவிட்டுக்கொள்ள வேண்டியது. மிளகாய்க் குப்பியை நான் சாய்த்ததைப் பார்த்துப் பரிமாறியவர் பதறிப்போனார். நமக்கு அது ஊறுகாய்த் தண்ணீர். உப்பு ரொட்டிக்குப் பதில் திராட்சை போட்ட இனிப்பு ரொட்டியில் பொரித்த மீனை வைத்துக் கொடுக்கும் சாண்ட்விச்சும் உண்டு. ஒவ்வாது என்று நினைத்துக் கடித்தால் ஒத்துப்போகிறது. விலையைப் பார்க்காமல் சாப்பிடுவது நல்லது. வெளிநாட்டு உணவகச் சங்கிலிகளுக்கு இங்கே இடமில்லை. மெக்டொனால்ட்ஸ் வரப்பார்த்தபோது தொண்ணூறுகளில் தடைச் சட்டமே போட்டார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1999-ல் சட்டம் நிலைத்தது. அதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்ட ஒரே ஒரு கே.எஃப்.சி. மட்டும் குயின் தெருவில் தனிக்காட்டு ராஜா.

துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி மேட்டில் ஏறி கோர்ட் தெருப் பக்கம் போனால் வண்ணம் மங்குகிறது. 'ஊருக்குப் பின்னால்' என்று சொல்லப்பட்ட பகுதி. முடிதிருத்தும் கடைகள், சின்னச் சாப்பாட்டுக் கடைகள், சத்தமாகப் பாட்டு. பெர்முடாவில் கறுப்பர்களே பெரும்பான்மை. ஆனால் 1959 வரை திரையரங்கில் அவர்கள் தனியாகத்தான் உட்கார வேண்டும். அந்த ஜூனில் யாரோ இரவோடு இரவாகச் சுவரொட்டி ஒட்டி, திரையரங்கைப் புறக்கணியுங்கள் என்றார்கள். கூட்டம் கூடியது, மூன்று வாரம் முடிவதற்குள் திரையரங்குகளும் ஹோட்டல்களும் பணிந்தன. சுவரொட்டி ஒட்டியவர்கள் யார் என்பது நாற்பது வருடம் வெளியே தெரியாது. வேலையும் வீட்டுக்கடனும் வெள்ளை முதலாளிகள் கையில் இருந்த ஊரில் பெயர் சொல்ல யாருக்குத் துணிச்சல்? எல்லோருக்கும் ஒரே ஓட்டு என்பதே 1968-ல்தான் வந்தது. 1995-ல் பிரிட்டனிடமிருந்து பிரிவதா என்று பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். குறித்த நாளில் ஃபீலிக்ஸ் சூறாவளி வந்துவிட, ஒருநாள் தள்ளிப்போட்டார்கள். நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் 'வேண்டாம்' என்றார்கள். முதலீட்டாளர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் அதில் பெரிய பங்கு. ஊரில் செல்வம் கொழிக்கிறது. ஆனால் வாடகை கட்ட முடியாமல் லண்டனுக்குக் குடிபெயரும் உள்ளூர்க் குடும்பங்களும் குறையவில்லை. ஃப்ரன்ட் தெருவில் படம் எடுத்துவிட்டுக் கப்பலேறுகிறவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை.

கோர்ட் தெருவில் ஒரு முடிதிருத்தும் கடையில் நான் இந்தியா என்றதும் கடையே பேச ஆரம்பித்தது. 2007 உலகக் கோப்பை. போர்ட் ஆஃப் ஸ்பெயின். பதினேழு வயது மலாக்கி ஜோன்ஸ் வீசிய முதல் பந்து. உத்தப்பா மட்டையில் பட்டு வலப்பக்கம் பறக்க, சிறைவண்டி ஓட்டும் போலீஸ்காரரான பருத்த ட்வேன் லெவராக் ஸ்லிப்பில் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து ஒற்றைக் கையில் பிடித்தார். பிடித்துவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார். தரை அதிர்ந்தது என்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு இந்தியா 413 ரன் அடித்து, 257 ரன் வித்தியாசத்தில் ஜெயித்ததை நான் நினைவுபடுத்தினேன். நாற்காலியில் பாதித் தாடியோடு இருந்தவர், அது வேறு ஆட்டமாக இருக்கும் என்றார்.

அடுத்த வாரம் தலைநகர் பட்டத்தை ஹாமில்டனிடம் பறிகொடுத்த செயின்ட் ஜார்ஜுக்குப் போகிறோம். வாயாடிப் பெண்களைத் தண்ணீரில் முக்கி எடுத்த நாற்காலியை அங்கே இன்னும் வைத்து விளையாட்டுக் காட்டுகிறார்கள். 10, 11 எண் பஸ்கள் போகும். சரியான சில்லறை நாணயமாக வேண்டும், நோட்டு செல்லாது. ஏறியதும் என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியுமல்லவா?

(தொடரும்)